தந்துகிகள்: ரத்த ஓட்டத்தின் வேலை நடக்குமிடம்



இந்தப் பேச்சுக்குத் தலைப்பு என்னவென்று கேட்டபோது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் என்று சொன்னேன். இதயத்தைப் பற்றிப் பேசினால் கூட்டம் வருமே என்று ஒரு நண்பர் அன்போடு சொன்னார். இதயத்துக்காகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அதன் துடிப்பு கைக்குத் தட்டுப்படுகிறது. அதன் பெயரில் தனி மருத்துவமனைகளே எழுகின்றன. ஆனால் ரத்தம் எந்தக் காரியத்துக்காகச் சுற்றுகிறதோ அந்தக் காரியம் இதயத்தில் நடப்பதில்லை. பெரிய தமனிகளிலும் சிரைகளிலும் நடப்பதில்லை. ஆக்சிஜன் இறங்குவதும், கரியமில வாயு ஏறுவதும், சர்க்கரையும் ஹார்மோனும் செல்லைச் சேர்வதும் தலைமயிரைவிடப் பத்து மடங்கு மெல்லிய தந்துகிகளில்தான். மற்ற குழாய்கள் ரத்தத்தை அங்கே கொண்டுசேர்த்துத் திருப்பி அழைத்துவருவதற்கான ஏற்பாடுகள்.

மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாம் அளப்பதெல்லாம் பெரிய குழாய்களிலும் இதயத்திலும். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறோம், மணிக்கட்டில் நாடி பிடிக்கிறோம், ஈ.சி.ஜி. எடுக்கிறோம். அவை சரியாக இருந்தால் கடைக்கோடியிலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் பல நோய்களில் பொய்க்கிறது. எப்படிப் பொய்க்கிறது, ஏன் பொய்க்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ரத்தம் சுற்றி வருகிறது என்பதை நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவருடைய நூல் 1628-இல் பிராங்பர்ட்டில் வெளியானது. கணக்கை நம்பிய வாதம் அது. ஒரு துடிப்புக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு, துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினார். அப்படியும் அரைமணி நேரத்துக்குள் வெளியேறும் அளவு உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையே தாண்டியது. சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ரத்தம் ஊற வழியில்லை. ஆகவே போன ரத்தம்தான் திரும்பி வருகிறது. வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் சுற்றில் ஓர் இடைவெளி இருந்தது. தமனியின் நுனியிலிருந்து சிரையின் தொடக்கத்துக்கு ரத்தம் எப்படிக் கடக்கிறது? ஹார்வியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. சதையில் உள்ள துளைகள் வழியே கசிந்து போகிறது என்று கருதினார்.

அந்த 1628-இல்தான் இத்தாலியில் போலோன்யா நகருக்கு அருகே மார்செல்லோ மால்பீகி பிறந்தார். 1661-இல், தம் நண்பரும் கணித அறிஞருமான பொரெல்லிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். தவளையின் நுரையீரல் மெல்லிய, ஒளி ஊடுருவும் பை. அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ரத்தம் எங்கும் சதைக்குள் கொட்டவில்லை, குழாய்க்குள்ளேயே போகிறது, தமனியையும் சிரையையும் நுண்குழாய்களின் வலை ஒன்று இணைக்கிறது என்பதைக் கண்டார். ஹார்வி 1657-இலேயே காலமாகிவிட்டார். தம் நூலின் விடுபட்ட வரியைப் படிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பின்னர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தலைப்பிரட்டையின் வாலிலும் மீனின் துடுப்பிலும், சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தந்துகியில் ஊர்வதை 1688-இல் விவரித்தார்.

இன்றைக்கு அதைப் பார்க்கத் தவளை வேண்டாம். நம் விரலே போதும். நகக்கண் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தோலின் மேற்பரப்பில் ஒளி சிதறுவது குறையும். மேலிருந்து ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பாருங்கள். நகத்தின் விளிம்பை நோக்கி வரிசையாகப் படுத்திருக்கும் சிவந்த வளையங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கால் மெலிந்திருக்கும். அது ரத்தம் வரும் பக்கம். மறு கால் சற்றுத் தடித்திருக்கும். அது போகும் பக்கம். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஓட்டமே தெரியும். அது சீராக இருக்காது. சிவப்பணுக்கள் கூட்டமாக வரும், பிறகு நிறமற்ற ஓர் இடைவெளி வரும், சில கணம் அசைவே இருக்காது, மறுபடி புறப்படும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் விரலை எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா நோயில் இதே வளையங்களில் சில பலமடங்கு வீங்கியிருக்கும், சில இடங்களில் வளையமே இருக்காது. மூட்டு மருத்துவர்கள் இந்தச் சோதனையைக் கொண்டு அந்த நோயைத் தொடக்கத்திலேயே இனங்காண்கிறார்கள்.

நம் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 7 அல்லது 8 பங்கு. தந்துகியின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான். ஆகவே பல இடங்களில் சிவப்பணு உடம்பை வளைத்து, மடங்கி, நீண்டுதான் நுழைய வேண்டும். தந்துகி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் அணு இருபக்கமும் தொங்கியபடி ஒரு கணம் நிற்கும். பிறகு எந்தப் பக்கம் ஓட்டம் வலுவோ அந்தப் பக்கம் வழுக்கிப் போகும். இந்த நெகிழ்வு போய்விட்டால் என்ன ஆகும்? அரிவாள்செல் நோயில், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் அணுவுக்குள்ளேயே இழைகளாகத் திரண்டு அணுவை விறைக்கச் செய்கிறது. விறைத்த அணு தந்துகியை அடைக்கிறது. அந்த நோயாளிகள் எலும்பைக் குடையும் வலியால் துடிப்பது இதனால்தான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள்செல் பண்பு இருப்பது 1952-இல் முதன்முதலாகப் பதிவானது.

இனிக் குழாயின் சுவர். தமனிக்கு மூன்று அடுக்குகள் உண்டு. தசையும் மீள்நாரும் உண்டு. தந்துகிக்கு ஒரே அடுக்குச் செல்கள்தான். எண்டோதீலியம் என்று அழைக்கப்படும் தட்டையான செல்கள் அவை. சில இடங்களில் ஒரே செல் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு குழாயாகிவிடும். அதன் மெல்லிய பகுதி ஒரு மைக்ரானில் பாதிகூட இராது. வெளிப்புறத்தில் அடித்தளச் சவ்வு என்ற புரதப் படலம் தாங்கிப் பிடிக்கிறது. அதில் முக்கியமானது கொல்லாஜன் புரதம். வைட்டமின் சி இல்லாமல் கொல்லாஜன் சரியாக முறுக்கேறாது. வைட்டமின் சி கிடைக்காத அக்காலக் கடலோடிகளின் ஈறுகளிலிருந்து ரத்தம் கசிந்ததற்கு அதுதான் காரணம். நம் ஊரில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் போவது எல்லோருக்கும் தெரியும். கூடவே, அந்த விஷத்திலுள்ள நொதிகள் இந்த அடித்தளச் சவ்வையே அரித்துக் குழாயைப் பிய்க்கின்றன.

சவ்வை ஒட்டி ஆங்காங்கே பெரிசைட் என்ற செல்கள் கைகளை நீட்டித் தந்துகியைத் தழுவியிருக்கும். இவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள். உட்புறத்தில், ரத்தத்தைத் தொட்டபடி, சர்க்கரையும் புரதமும் சேர்ந்த நுண்ணிய பூச்சு ஒன்று உண்டு. அதன் பெயர் கிளைகோகேலிக்ஸ். வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தினால் அது சுருங்கிக் கழுவப்பட்டுவிடும். அதனாலேயே பல காலம் அது ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அதன் அருமை டெங்குவைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

இவ்வளவு மெல்லிய குழாய் ஏன் உடம்பெங்கும் தேவைப்படுகிறது? திரவத்தில் ஒரு மூலக்கூறு தானாகப் பரவிச் செல்லும் நேரம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சிறு மூலக்கூறு ஒன்று 10 மைக்ரான் பரவ ஏறத்தாழ 0.05 நொடி போதும். 100 மைக்ரானுக்கு 5 நொடி. 1 மில்லிமீட்டருக்கு 8 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு 14 மணி நேரம். ஆக்சிஜனுக்காக 14 மணி நேரம் காத்திருக்கும் செல் எதுவும் நம் உடம்பில் இல்லை. ஆகவே பெரும்பாலான செல்களுக்கு 100 மைக்ரான் தூரத்துக்குள் ஒரு தந்துகி இருந்தாக வேண்டும். உடம்பின் கட்டுமானத்தையே இந்த ஒரு கணக்கு நிர்ணயிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஓட்டத்தின் வேகமும் இதற்கேற்ப அமைந்திருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் ரத்தம் சராசரியாக நொடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் போகிறது. எல்லாத் தந்துகிகளின் குறுக்குவெட்டையும் கூட்டினால் பெருந்தமனியின் குறுக்குவெட்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரும். அதே ரத்தம் ஆயிரம் மடங்கு அகலத்தில் பரவுவதால் வேகம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. தந்துகியின் நீளம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கு உள்ளேதான். ஒன்றிலிருந்து மூன்று நொடிக்குள் சிவப்பணு அதைக் கடந்துவிடும். எந்த ஒரு நேரத்திலும் உடம்பின் 5 லிட்டர் ரத்தத்தில் தந்துகிகளில் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம், ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளர் ரத்தம்தான் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்குகளை முதலில் ஒழுங்காகப் போட்டவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ. தசைக்குள் ஒவ்வொரு தந்துகியும் தன்னைச் சுற்றியுள்ள ஓர் உருளை அளவு திசுவுக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது என்று வைத்துக்கொண்டார். அந்த உருளையின் ஓரம்வரை ஆக்சிஜன் எட்ட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்ற சமன்பாட்டை 1919-இல் அவருக்கு வகுத்துக் கொடுத்தவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர். தொலைபேசி இணைப்பகத்தில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கணக்கிட்டுப் புகழ்பெற்ற அதே எர்லாங்தான். ஓய்வில் இருக்கும் தசையில் பல தந்துகிகள் மூடிக்கிடக்கின்றன, வேலை வந்ததும் திறக்கின்றன என்று க்ரோ காட்டினார். 1920-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1922-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஒரு தாயின் நினைவாகப் பிள்ளைகள் ஏற்படுத்திய சில்லிமன் அறக்கட்டளையின் சொற்பொழிவுகளை க்ரோ நிகழ்த்தினார். அந்த உரைகள்தான் தந்துகிகளைப் பற்றிய முதல் பெரிய நூலாக அச்சேறின. இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த அரங்கில் அதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பயணத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. க்ரோவின் மனைவி மாரி க்ரோ ஒரு மருத்துவர், ஆய்வாளர். அவருக்கு நீரிழிவு இருந்தது. டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடித்திருக்கிறார்களாம், போய்ப் பார்த்து வருவோம் என்று வற்புறுத்தியவர் அவர். உரை நிகழ்த்தப் போன க்ரோ, இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு டென்மார்க் திரும்பினார். தந்துகியை ஆராய்ந்தவரின் கையில், தந்துகிகளைக் காக்கப்போகும் மருந்து வந்து சேர்ந்தது.

க்ரோவின் நூலிலிருந்து கிளம்பிய ஓர் எண் இன்றுவரை பாடப்புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: நம் தந்துகிகளை முனையோடு முனை சேர்த்தால் 1 லட்சம் கிலோமீட்டர், பூமியை இரண்டரைச் சுற்று சுற்றலாம். மாணவர்களே, ஓர் எண்ணைக் கேட்டால் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். க்ரோ, 50 கிலோ தசை உள்ள ஒரு மனிதனை எடுத்துக்கொண்டார். அதன் கனஅளவு ஏறத்தாழ 5 கோடி கன மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகிகள் என்றால், ஒவ்வொரு கன மில்லிமீட்டரிலும் 2 மீட்டர். பெருக்கினால் 10 கோடி மீட்டர். கணக்கு சரி. ஆனால் 50 கிலோ தசை மல்யுத்த வீரனுக்குத்தான் இருக்கும். மனிதத் தசையில் தந்துகிகள் அவ்வளவு நெருக்கமாகவும் இல்லை. 2021-இல் வெளியான மறுகணக்கு இதை 9,000 முதல் 19,000 கிலோமீட்டர்வரை என்று குறைத்திருக்கிறது. மூடிக்கிடந்து திறக்கின்றன என்ற கருத்தையும் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஓய்விலேயே பெரும்பாலான தந்துகிகளில் ரத்தம் ஓடுகிறது, வேலையின்போது ஓட்டமும் அணுக்களின் நெருக்கமும் கூடுகின்றன என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் உள்ளன. க்ரோவின் பெருமை இதனால் குறையவில்லை. திருத்தும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லிவைத்தவர் அவர்.

ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது தந்துகிக்கு முன்னால் இருக்கும் நுண்தமனிகளின் வேலை. பாரிஸ் மருத்துவர் புவாஸேய் 1838 முதல் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து ஒரு விதியைக் கண்டார். அழுத்தம் மாறாதபோது, குழாயில் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நுண்தமனியின் சுவரில் தசை உண்டு. அது இம்மியளவு இறுகினாலோ தளர்ந்தாலோ போதும், பின்னாலுள்ள தந்துகிகளின் நிலைமையே மாறிவிடும். பெரிய தமனியில் 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருந்த சராசரி அழுத்தம், நுண்தமனிகளைக் கடந்து தந்துகிக்குள் நுழையும்போது 30 முதல் 35-க்கு வந்துவிடும்.

காவிரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைத் தஞ்சைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஒரு மடையைத் திறந்தால் இன்னொன்றை அடைக்க வேண்டும். உடம்பும் அப்படித்தான். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கு. மூச்சிரைக்க ஓடும்போது இதயம் தள்ளுவதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தசைகளுக்குப் போகும், குடலின் மடைகள் இறுகும். கிருமி ரத்தத்தில் கலந்து செப்சிஸ் வரும்போது இந்த முறை குலைகிறது. எல்லா மடைகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. வாய்க்கால் தலைப்பில் மட்டம் சரிகிறது. சில வயல்களில் தேங்குகிறது, சிலவற்றுக்குச் சொட்டுக்கூடப் போவதில்லை. மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தைப் பழையபடி ஏற்றிவிடலாம். எண் சரியாகிவிடும், தந்துகியில் ஓட்டம் வந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேட விரல் நகம் ஒன்றே போதும். நகத்தை வெளுக்கும்வரை அழுத்திவிட்டு விட வேண்டும். ஆரோக்கியமான குழந்தைக்கு இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். தாமதமானால் நுண்தமனிகள் இறுகிக்கிடக்கின்றன என்று பொருள். குழந்தை மருத்துவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் சோதனை இது. 2019-இல் தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 424 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பாதியினருக்கு ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்த்துச் சிகிச்சை. மறுபாதியினருக்கு விரல்நுனியில் நிறம் திரும்பும் நேரத்தைப் பார்த்து. 28 நாட்களில் இறந்தவர்கள் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல்நுனியைப் பார்த்த பிரிவில் 34.9 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியலின் வரம்பை மயிரிழையில் எட்டவில்லை. அதனால் உயிர் காக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாத இந்தச் சோதனை விலையுயர்ந்த சோதனைக்குக் குறைந்ததில்லை என்றாவது அது காட்டியது. ஆய்வக வசதி இல்லாத மருத்துவமனைகளுக்கு இது பெரிய செய்தி.

நுண்தமனியின் தசைக்கு யார் ஆணையிடுகிறார்கள்? நரம்பு உண்டு, ஹார்மோன் உண்டு. குழாய் விரிக்கப்பட்டால் தசை தானாகவே இறுகும் என்பதை பேலிஸ் என்ற உடலியங்கியலாளர் 1902-இல் காட்டினார். ஆனால் உட்சுவரின் எண்டோதீலியம் செல்களும் ஆணையிடும் என்பது 1980-இல்தான் தெரிந்தது. நியூயார்க்கில் ஃபர்ச்காட் என்ற ஆய்வாளர், முயலின் தமனித் துண்டில் உட்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டால் வழக்கமாகக் குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் அதைத் தளர்த்துவதில்லை என்று கண்டார். ஆகவே தசையைத் தளர்த்தும் ஒரு பொருளை உட்சுவர் சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு.

தந்துகிகள் எல்லா உறுப்பிலும் ஒன்றுபோல் இல்லை. மூளையில் செல்களின் இணைப்புகள் இறுக்கித் தைத்தவை. பல மருந்துகள் மூளைக்குள் நுழைய முடியாமல் நிற்பது இதனால்தான். ரீஸ், கார்னாவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் மின்னணு நுண்ணோக்கியில் அந்தத் தையலைக் காட்டினார்கள். கல்லீரலில் இதற்கு நேர்மாறாகப் பெரிய இடைவெளிகள் உண்டு. புரதங்களே புகுந்து வரும். சிறுநீரகத்தின் வடிகட்டியில் தந்துகிச் சுவர் நெடுகத் துளைகள். இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக மற்றதெல்லாம் மீட்கப்படுகிறது. இந்த 180 லிட்டரில் ஆல்புமின் புரதம் ஏறக்குறைய இருக்காது. அதனால்தான் சிறுநீரில் சிறிதளவு ஆல்புமின் தோன்றுவதே தந்துகி பழுதடைகிறது என்பதற்கு முதல் அறிகுறியாகிறது.

அடுத்தது கசிவு. ஸ்டார்லிங் என்ற உடலியங்கியலாளர் 1896-இல் சொன்னது இது: தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் நாம் வீங்காமலும் வற்றாமலும் இருக்கிறோம். சற்றே மிகுதியாக வெளியேறுவதை நிணநீர்க் குழாய்கள் திரட்டித் திருப்பித் தருகின்றன. புரதத்தை உள்ளே நிறுத்திவைப்பதில் நான் முன்பு சொன்ன கிளைகோகேலிக்ஸ் பூச்சுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அண்மை ஆய்வுகள் சேர்த்திருக்கின்றன.

டெங்குவில் சிதைவது இந்தச் சமநிலைதான். இதை விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள்; ஒவ்வொரு மழைக்காலமும் இந்த ஒரு விஷயம் புரியாததால் குழந்தைகளை இழக்கிறோம். வீட்டில் காய்ச்சல் விட்டதும் நிம்மதி வருகிறது. உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை அசதியில் தூங்குகிறான் என்று நினைக்கிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். வைரஸின் ஒரு புரதமும் நம் எதிர்ப்பாற்றல் கிளப்பிவிடும் ரசாயனங்களும் உட்சுவரின் பூச்சைச் சிதைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் கசிகிறது. சிவப்பணுக்கள் கசிவதில்லை, ஆகவே மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. ஹீமட்டோக்ரிட் என்ற சோதனை எண் 20 சதவீதம் உயர்ந்தால் கசிவு கணிசமானது என்று கொள்கிறார்கள். கையும் காலும் சில்லிடுகின்றன. நகத்தில் நிறம் திரும்பத் தாமதமாகிறது. மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. மேல் அழுத்தம் மட்டும் பார்த்தால் 100 இருக்கும், பயப்படத் தோன்றாது.

இத்தனையும் நடக்கும்போது உறவினர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: பிளேட்லெட் எவ்வளவு? எண்ணிக்கை குறைந்தால் பதறுகிறார்கள், அந்தத் தட்டணுவுக்காக ரத்த வங்கிக்கு அலைகிறார்கள். ரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பலன் இல்லை என்பதே இன்றைய மருத்துவ முடிவு. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது கசிவு. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வயிற்றுவலி உண்டா, வாந்தி நிற்கிறதா, கால் சில்லென்று இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்? கசிவு 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். பிறகு சுவர் தானாகவே சீராகிவிடும்; வெளியே போன நீர் குழாய்க்குள் திரும்பும். அந்த நேரத்திலும் பழையபடி பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருந்தால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். மணிக்கு மணி பார்த்து, கூட்டிக் குறைத்து நீர் கொடுக்கத் தெரிந்த ஒரு செவிலியர் அந்த வார்டில் இருந்தால் போதும், பல உயிர்கள் நிற்கும்.

டெங்கு இரண்டு நாளில் செய்வதை நீரிழிவு பல ஆண்டுகளில், சத்தமில்லாமல் செய்கிறது. தசைச் செல் போன்றவை இன்சுலின் சொன்னால்தான் சர்க்கரையை உள்ளே விடும். எண்டோதீலியம் செல்லுக்கு அப்படித் தடுக்கும் வழி இல்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே வந்துவிடும். அடித்தளச் சவ்வு தடிக்கிறது. விழித்திரையில் பெரிசைட்டுகள் மடிகின்றன. 1961-இல் கோகன், குவாபரா முதலியோர் விழித்திரைக் குழாய்களைத் தனியே பிரித்தெடுத்து இதைக் காட்டினார்கள். பல திசுக்களில் பெரிசைட்டுகள் குறைவு. விழித்திரையில் எண்டோதீலியம் செல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு பெரிசைட் உண்டு. அந்தத் தாங்கல் போனதும் தந்துகி ஆங்காங்கே புடைக்கிறது, கசிகிறது, பிறகு அடைத்துக்கொள்கிறது. இத்தனை நடந்தும் பார்வை குறையாமல் இருக்கலாம். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தெளிவாகப் படிப்பவரின் விழித்திரையில் முற்றிய பாதிப்பு இருப்பதைக் கண் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

விழித்திரையில் உடம்பைக் கிழிக்காமலே நுண்தமனிகளையும் நுண்சிரைகளையும் நேரே பார்க்க முடியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் 1851-இல் அதற்கான கருவியைத் தந்துவிட்டார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இந்தக் குழாய்களுக்குப் பலன் உண்டா என்ற சந்தேகத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993-இல் வெளிவந்த ஆய்வு தீர்த்துவைத்தது. முதல் வகை நீரிழிவில், விழித்திரை பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு கடும் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு 76 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாம் வகையில் 1998-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. நம் வீடுகளில் இப்போது குளுக்கோமீட்டர் இருக்கிறது, காலையில் எண் பார்க்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதும், சிறுநீரில் ஆல்புமின் அளப்பதும், பாதத்தில் நைலான் இழையை வைத்து உணர்ச்சி சோதிப்பதும் அந்த அளவுக்குப் பழக்கமாகவில்லை. இரண்டாம் வகையில் நோய் தெரிந்த அன்றே இவை தொடங்க வேண்டும். தெரிந்த நாளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோய் உள்ளே வந்திருக்கக்கூடும்.

தந்துகிகள் அடைபட்ட விழித்திரை மூச்சுக்குத் தவிக்கிறது. புதுக் குழாய்களை வளரச் சொல்லும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. வளரும் குழாய்கள் வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அந்தப் புரதத்தை மடக்கும் ஊசி மருந்துகள்தான் இன்று கண்ணுக்குள் போடப்படுகின்றன. இவற்றின் பின்னால் இருப்பது ஜூடா ஃபோக்மன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவரின் சிந்தனை. புதுத் தந்துகிகளை வரவழைக்காமல் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று 1971-இல் எழுதினார். பரவும் தூரத்தின் அதே கணக்குப் புற்றுநோயையும் கட்டுப்படுத்துகிறது. பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை, அவர் விடவில்லை.

அதே கணக்குதான் உறுப்புகளை ஆய்வகத்தில் வளர்க்க முயல்வோரையும் மறிக்கிறது. மாற்றிவைப்பதில் முதலில் வெற்றி கண்ட திசுக்களில் ஒன்று கருவிழிப்படலம். 1905-இல் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் அதைச் செய்தார். அதில் தந்துகிகளே இல்லை என்பது அந்த வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். குருத்தெலும்பை வளர்க்க முடிகிறது. அதிலும் தந்துகி இல்லை. கல்லீரல் செல்களையும் சிறுநீரகச் செல்களையும் தட்டில் வளர்க்கிறார்கள். ஆனால் திசு அரை மில்லிமீட்டர் தடித்தாலே நடுவிலுள்ள செல்கள் மடியத் தொடங்குகின்றன. அவற்றின் ஊடே கசியாத, உறையாத தந்துகிகளை ஓடவிட்டு, நோயாளியின் தமனியோடும் சிரையோடும் இணைக்கும் வித்தை முழு அளவிலான உறுப்பில் இன்னும் கைகூடவில்லை. இயற்பியலும் உயிரியலும் பொறியியலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதில் இறங்க விரும்பும் மாணவர்கள் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.